வாயில் தாடையுள்ள குட்டி விட்டில்: நியூசிலாந்துக் காட்டின் சபாட்டின்கா

வெலிங்டன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விட்டில் பகுதியிலை இது என்ரை முதல் பதிவு. நான் இருக்கிறது வெலிங்டனிலை. இஞ்சை இப்ப வசந்தம் முடியிற நேரம். நேற்றுக் காலமை ஒரு ஓடைக்கரைப் பாதையாலை நடக்கேக்கை, பன்னம் (பெரணி) ஒண்டின்ரை இலைக்கு அடியிலை ஒரு குட்டிப் பூச்சி இருந்தது. செட்டையை மூடினால் அரைச் சென்டிமீட்டர்தான் வரும். செம்பு நிறம், வெயில் படேக்கை ஊதாவும் தங்கமும் மின்னுது. தலையிலை மஞ்சள் மயிர்க் கத்தை. செட்டை ரெண்டையும் முதுகுக்கு மேலை சரிவா மடிச்சு வைச்சிருக்கு.

கைபேசியிலை மாக்ரோ லென்ஸ் மாட்டி எடுத்த காணொளியை மெதுவாக்கிப் பாத்தால், வாய்க்குப் பக்கத்திலை மெல்லிய கால் மாதிரி ரெண்டு உறுப்பு, பன்னத்தின்ரை வித்தித் தூளை வழிச்சு வழிச்சு உள்ளுக்கை தள்ளுது. வாய் அசையுது. உண்மையாச் சப்புது, மெண்டு தின்னுது!

உயிரினப் படங்களை அடையாளம் காட்டுற ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலை போட்டன். கொஞ்ச நேரத்திலை ஆரோ ஒராள் "சபாட்டின்கா" எண்டு எழுதிப்போட்டுப் போட்டார். விளக்கம் ஒண்டும் இல்லை. விட்டிலுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சுருண்ட உறிஞ்சுகுழல் எண்டுதானே பள்ளிக்கூடத்திலை படிச்சனாங்கள். சப்பித் தின்னுற விட்டிலும் உண்டோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

ஓய்வு_வாத்தியார் எழுதியது:

தம்பி, நல்ல படம் எடுத்திருக்கிறீர்கள். அந்த மெதுவாக்கிய காணொளிக்காகவே உங்களுக்கு ஒரு பாராட்டு.

உண்டு, சப்பித் தின்னும் விட்டில் உண்டு. சபாட்டின்கா என்பது மைக்ரோப்டெரிஜிடே குடும்பத்துப் பேரினம். பிரான்சிஸ் வாக்கர் 1863-இல் பெயரிட்டது. உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் தெரிந்திருக்கின்றன. வளர்ந்த பூச்சிக்கும் வேலை செய்யும் தாடை இருப்பது இவற்றின் முக்கிய அடையாளம். உறிஞ்சுகுழல் கிடையாது. நீங்கள் "கால் மாதிரி" என்று எழுதியது துணைத்தாடையோடு (மேக்ஸில்லா) சேர்ந்த உணர்நீட்சி. ஐந்து கணு உள்ளது, மடங்கும், நீளும். வித்தியையோ மகரந்தத்தையோ வழித்து வாய்க்குக் கொடுப்பது அதுதான். உள்ளே போனதைத் தாடை அரைக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கூட்டுப்புழுப் பருவம். மற்ற விட்டில்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூட்டுப்புழு என்றால் கால், சிறகு எல்லாம் உடம்போடு ஒட்டி உறைபோட்ட ஒரு பொட்டலம்தான். இதில் உறுப்புகள் தனித்தனியாக விட்டு நிற்கும். கூட்டுப்புழுவுக்கே பெரிய தாடை உண்டு. வெளிவரும் நேரம் வந்ததும் அந்தத் தாடையால் கூட்டைக் கத்தரித்துக்கொண்டு வருகிறது. வகுப்பில் முப்பது வருடம் பட்டுப்புழுவை மட்டுமே காட்டிப் பாடம் நடத்தியவனுக்கு இது இன்றும் ஆச்சரியம்தான்.

முன் சிறகையும் பின் சிறகையும் விரித்துப் பார்த்தால் நரம்பு அமைப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. முன் சிறகின் அடியில் ஒரு சிறு மடல் இருக்கும், பறக்கும்போது பின் சிறகோடு இணைக்கும் ஏற்பாடு.

---

ஜீவா_கோவை எழுதியது:

சார், எனக்கு ஒரு சந்தேகம். குழல் இல்ல, தாடை இருக்கு, கூட்டுப்புழுவும் வேற மாதிரி, சிறகு ரெண்டும் ஒரே மாதிரி. இவ்வளவு வித்தியாசம் இருக்கிற ஜந்துவ எதுக்கு விட்டில்னு சொல்லணும்? வண்டு, ஈ மாதிரி தனி வரிசைன்னு (பூச்சிகள்ல ஒரு பெரும் பிரிவு) பிரிச்சு வெச்சுட்டா பிரச்சினை தீர்ந்துச்சுல்ல?

சும்மா வம்புக்குக் கேக்கல. தாடை இருந்தா விட்டில் இல்லைனு ஒரே கோடு போட்டா, பாடப் புத்தகமும் தப்பிச்சுடும் :)

---

செதில் எழுதியது:

ஜீவா, நீங்க கேட்டதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டுட்டாங்க. முதல் உலகப்போர்க் காலத்தில் சாப்மன் என்ற பிரிட்டிஷ் பூச்சியியலாளர் இதே காரணங்களைச் சொல்லி, இவற்றைச் "சூக்ளாப்டெரா" என்று தனி வரிசையாக்கணும்னு எழுதினார். பிறகு ஹிண்டன் என்ற பூச்சியியலாளரும் அதையே பிடிவாதமா வாதாடினார். கொஞ்ச காலம் அந்தக் கட்சிக்கு ஆள் இருந்தது.

ஏன் எடுபடலைன்னா, வித்தியாசங்களை எண்ணி வரிசை பிரிக்க முடியாது. தாடை என்பது பூச்சிகளின் பழைய சொத்து. வெட்டுக்கிளிக்கும் வண்டுக்கும் இருக்கு. பழையதை வெச்சிருக்கிறது உறவை நிரூபிக்காது, உறவை மறுக்கவும் செய்யாது. புதுசா எது வந்தது, அதை யார் யார் பகிர்ந்துக்கிறாங்கன்னு பார்க்கணும். சிறகு முழுக்கச் செதில் போர்த்தியிருக்கிறது அப்படியொரு புதுச் சொத்து. டென்மார்க்கின் நீல்ஸ் பீடர் கிரிஸ்டென்சன் வாழ்நாள் பூரா இந்த அடிக்கிளை விட்டில்களின் உடற்கூறைப் பிரிச்சுப் பார்த்து, செதிலோடு வேற பல நுண்ணிய ஒற்றுமைகளையும் காட்டினார். இப்போ மரபணு ஆய்வுகளும் அதே பக்கம்தான். இது விட்டில். சூக்ளாப்டெரா என்ற பெயர் துணைவரிசைப் பெயராத் தங்கிப்போச்சு.

தாடையோட வாழுற விட்டில் குலம் இது ஒண்ணு மட்டும் இல்ல. இன்னும் ரெண்டு உண்டு. அகதிஃபாகா: குயின்ஸ்லாந்திலும் ஃபிஜி, வனுவாட்டு, சாலமன் பக்கமும். இதோட புழு அகாதிஸ் மர விதைக்குள்ளே வாழும். சேமிச்சு வெச்ச விதைக்குள்ளே 12 வருஷம் உறங்கிக் கிடந்ததாப் பதிவு இருக்கு. அடுத்தது ஹெட்டரோபாத்மியா: தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியில், நோத்தோஃபாகஸ் மரத்தின் இலைக்குள்ளே சுரங்கம் போடுற புழு. இந்த மூணு குலங்களில் யார் முதலில் பிரிஞ்சதுன்னு இன்னும் இழுபறி. மற்ற எல்லா விட்டிலும் வண்ணத்துப்பூச்சியும் சேர்ந்து குழல் உள்ள பெரும் கிளை.

---

தேம்ஸ்கரை_மலர் எழுதியது:

நாட்டை விட்டு நாடு வந்தவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் இருப்பவர்கள் இதன் உறவுக்காரரைப் பார்க்க நியூசிலாந்துக்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. மே மாதம் ஈரமான புல்வெளியில் மஞ்சள் பட்டர்கப் பூவைக் குனிந்து பாருங்கள். ஒரே பூவுக்குள் கூட்டமாக நாலைந்து மைக்ரோப்டெரிக்ஸ் கல்தெல்லா உட்கார்ந்து மகரந்தம் மென்றுகொண்டிருக்கும். பொன் வெண்கல நிறம், தலை மட்டும் துருப்பிடித்த மஞ்சள். லின்னேயஸ் 1761-இலேயே பெயர் வைத்துவிட்டார். என் மகள்தான் முதலில் காட்டினாள், பூவில் மினுக்குத் தூள் கொட்டிக் கிடக்கிறது என்று.

குமரன் தம்பியோ யாரோ, வெலிங்டன்வாசி, உங்கள் பூச்சி வெளிச்சத்துக்கு வருமா? இங்கே உள்ளது இரவில் விளக்குப் பொறிக்கு வருவதில்லை.

---

வெலிங்டன்வாசி எழுதியது:

மலர் அக்கா, பேர் குமரன் இல்லை, ஆனால் கூப்பிடுங்கோ, பரவாயில்லை :)

இல்லை அக்கா, இது பகல் ஆள். வாசிச்ச அளவிலை சபாட்டின்கா எல்லாம் பகலிலைதான் திரியுதாம். எங்கடை வீட்டு விறாந்தை லைட்டுக்கு வாறது வேறை சாமான்கள். காட்டுக்குள்ளை வெயில் கீற்றா விழுற இடங்களிலை, ஈரமான ஓடைக்கரையிலை, பன்னத்திலை. பறந்தாலும் தூரம் போறேல்லை, அடுத்த இலையிலை போய் இருந்துடும்.

---

சுடச்சுட_செய்தி எழுதியது:

நண்பர்களே, இதுதான் டைனோசர் காலத்திலிருந்து துளியும் மாறாமல் இருக்கும் விட்டில்! எல்லா வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இதுவே மூதாதை. பூக்கள் உலகில் தோன்றிய பிறகுதான் தேன் குடிக்கக் குழல் வந்தது, அதுவரை எல்லா விட்டிலுக்கும் தாடைதான். பகிருங்கள்.

---

செதில் எழுதியது:

நண்பரே, மூணு வரியில் மூணு விஷயம் சொல்லியிருக்கீங்க. ஒவ்வொண்ணா வர்றேன், கொஞ்சம் நீளும்.

முதலில் மூதாதை. சபாட்டின்கா இன்னைக்கு உயிரோட இருக்கிற பூச்சி. இன்னைக்கு இருக்கிறது எதுவும் இன்னொண்ணுக்குக் கொள்ளுத்தாத்தா ஆக முடியாது, பங்காளிதான். பொது முன்னோரிடமிருந்து ரெண்டு கிளையும் ஒரே அளவு காலம்தான் கடந்து வந்திருக்கு. ஒருத்தர் தாடையை விடலை, இன்னொருத்தர் விட்டார். அவ்வளவுதான் கணக்கு.

துளியும் மாறலையா? அந்த உலோக மினுக்கைப் பாருங்க. ஒரே பேரினத்துக்குள்ளே பட்டை போட்டது, புள்ளி வெச்சது, முழுத் தங்கம், மங்கின பழுப்புன்னு நியூசிலாந்தில் மட்டும் இருபதை ஒட்டின இனங்கள். மாறாமல் இருந்தா இத்தனை எப்படி வந்திருக்கும்?

இப்போ பூவும் குழலும். இங்கேதான் கதை சுவாரசியம். 2018-இல் வான் எல்டைக் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வடக்கு ஜெர்மனியில் ஆழத்திலிருந்து துளைச்செடுத்த பாறை மாதிரியைக் கரைச்சுப் பார்த்தாங்க. டிரயாசிக், ஜுராசிக் காலங்களின் எல்லை, அதாவது சுமார் 20 கோடி வருஷப் பழைய படிவு. தேடினது மகரந்தம். கிடைச்சதில் விட்டில் சிறகின் செதில்களும் இருந்தன, எழுபதை ஒட்டி. இவ்வளவு சின்ன பொருளை எதால் எடுக்கிறது? ஊசி முனையில் மூக்கு மயிர் ஒண்ணை ஒட்டி, அதால் ஒவ்வொண்ணா எடுத்து வெச்சாராம். விளையாட்டு இல்ல, உண்மை.

செதிலைப் பார்த்து வாயில் என்ன இருந்ததுன்னு எப்படிச் சொல்றது? சபாட்டின்கா குடும்பத்துச் செதில் திண்மமானது, மேல்தகடும் கீழ்த்தகடும் ஒட்டிக்கிட்டு இருக்கும். குழல் உள்ள பெரும் கிளையில் உள்ளீடற்ற செதில் வரும், உள்ளே காற்றிடம் இருக்கும். அந்த ஜெர்மன் படிவில் ரெண்டு வகையும் கிடைச்சுது. அப்போ குழல் கிளை ஏற்கெனவே வந்துடுச்சுன்னு அர்த்தம். நாம அறிஞ்ச பூக்கும் தாவரப் புதைபடிவங்களுக்கு ரொம்ப முன்னாடி.

பூ இல்லாத காலத்தில் குழல் எதுக்கு? ஊசியிலை மரங்களும் சைக்கஸ் மாதிரி விதைச் செடிகளும் மகரந்தத்தைப் பிடிக்க ஒரு இனிப்புத் துளியைக் கசியவிடும். வறண்ட சூட்டில் சின்ன உடம்புக்கு அந்தத் துளியும் இலைமேல் பனித்துளியும் பெரிய விஷயம். உறிஞ்சத் தெரிஞ்சவன் பிழைச்சான் என்பது அவங்க ஊகம்.

கவஹாராவும் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட பெரிய மரபணு ஆய்வு இன்னும் பின்னாடி போகுது. விட்டில் குலத்தின் தொடக்கம் சுமார் 30 கோடி வருஷம், குழல் சுமார் 24 கோடி வருஷம்னு கணக்கு. இது மரபணுக் கடிகாரத்தின் மதிப்பீடு, பாறையில் கிடைச்ச சான்று இல்ல. ரெண்டையும் ஒரே தட்டில் வெச்சு மேற்கோள் காட்டாதீங்க.

---

பெரணிக்காரி எழுதியது:

நான் பூச்சி ஆள் இல்லை, பாசி ஆள். ஆனால் அந்த 2019 ஆய்வில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. முதல் விட்டில்களின் புழு, குழாய்த் திசு இல்லாத தாவரங்களை, அதாவது பாசி வகைகளைத் தின்றிருக்கலாம் என்று அதில் சொல்கிறார்கள். சபாட்டின்காவின் புழு இன்றும் தின்பது லிவர்வொர்ட். பிளஸ் டூ தாவரவியலில் ரிக்சியா, மார்க்கான்ஷியா என்று ரிக்கார்டு நோட்டில் படம் வரைந்தோமே, அந்தக் கூட்டம். ஆனால் இது தரையோடு ஒட்டிப் பட்டையாக வளரும் மார்க்கான்ஷியா மாதிரி அல்ல. தண்டும் இரண்டு வரிசைக் குட்டி இலைகளும் உள்ள இலை வகை. ஒவ்வொரு இலையும் ஒரு செல் கனம்தான். கைலென்ஸில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் செல்லைத் தனித்தனியாக எண்ணலாம்.

அந்த ஒரு செல் கனம்தான் இங்கே விஷயம். மேல்தோல், மெழுகுப்பூச்சு, நீர் கடத்தும் நரம்பு எதுவும் பெயருக்குக்கூடக் கிடையாது. காற்றில் ஈரம் இருக்கும்வரை பச்சை. காய்ந்தால் சுருங்கி உறங்கும். இதைத் தின்னும் புழுவுக்கும் அதே விதி. புழு மழைக்காட்டின் ஈரத்தில் மட்டும்தான் மேய முடியும். நியூசிலாந்துக் காடுகளில் லிவர்வொர்ட் 600 இனத்துக்கும் மேல். அவ்வளவு சின்ன நாட்டுக்கு இது அசாத்திய எண்ணிக்கை. மரப்பட்டை, விழுந்த கட்டை, ஓடைப்பாறை, பெரணித் தண்டு என்று எதையும் விடாது.

ஜப்பானிலும் இந்தக் குடும்பம் உண்டு. இமாடாவும் குழுவினரும் 2011-இல் எழுதிய கட்டுரையைப் படித்து அசந்துபோனேன். அங்குள்ளவை ஏறக்குறைய எல்லாம் கோனோசெஃபாலம் என்ற ஒரே லிவர்வொர்ட்டைத்தான் தின்கின்றன. உணவு மாறவே இல்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் வட்டாரத்திலும் தனித்தனியாக ஒதுங்கிப் பிரிந்து கிடக்கின்றன. புது உணவைப் பிடித்தால்தான் புது இனம் வரும் என்று பூச்சிக்காரர்கள் சொல்லும் பாட்டு இங்கே எடுபடவில்லை. அதிகம் பறக்காத பூச்சி, நகராத செடி, நடுவில் ஒரு காய்ந்த மேடு இருந்தால் போதும்.

---

ஓய்வு_வாத்தியார் எழுதியது:

அம்மா, அருமையான விளக்கம். புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. சபாட்டின்காவின் புழுவையும் கூட்டுப்புழுவையும் விரிவாக எழுதியவர் ராபின் டில்யார்ட். தும்பிகளுக்காகவும் பூச்சிப் புதைபடிவங்களுக்காகவும் பெயர்பெற்றவர். 1920-களில் தெற்குத் தீவின் நெல்சன் நகரத்தில் காத்ரான் ஆய்வு நிலையத்தில் இருந்தார். அவரோடு இருந்த ஆல்ஃபிரட் ஃபில்பாட்டும் இந்தக் குடும்பத்தை வெகுவாக ஆராய்ந்தவர். புழு குட்டை, தடி, தலையில் மற்ற கம்பளிப்புழுக்களுக்கு இல்லாத அளவு நீண்ட உணர்கொம்பு. பார்த்தால் புழு என்று தோன்றாது.

---

ஜீவா_கோவை எழுதியது:

சரி, விட்டில்னு ஒத்துக்கறேன் :) ஆனா இது அங்க எப்படிப் போச்சு? எங்கயும் இல்லாத ஜந்து ஒரு தீவுல இருக்குன்னா கோண்டுவானாவிலிருந்து கப்பல் மாதிரி அப்படியே மிதந்து வந்துச்சுன்னுதானே எல்லா ஆவணப்படத்துலயும் சொல்றாங்க?

---

செதில் எழுதியது:

ஆவணப்படம் சொல்றது பாதிக் கதை. நியூசிலாந்து உட்கார்ந்திருக்கிற சீலாண்டியா நிலத்துண்டு, கோண்டுவானா என்ற பழைய தெற்குப் பெருங்கண்டத்திலிருந்து சுமார் 8 கோடி வருஷத்துக்கு முன்னாடி பிரிய ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் சரி. பிறகு அது தணிஞ்சு தணிஞ்சு, சுமார் 2.5 கோடி வருஷத்துக்கு முன்னாடி பெரும்பகுதி கடலுக்குள்ளே. முழுசா முழுகிச்சா, தீவுகளா மிச்சம் நின்னுச்சா என்பதில் நியூசிலாந்து ஆய்வாளர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. முழுசா முழுகியிருந்தா சபாட்டின்காவின் முன்னோர் எல்லாம் பிறகு வெளியிலிருந்து வந்திருக்கணும். இவ்வளவு ஈரத்துக்குக் கட்டுப்பட்ட, அதிகம் பறக்காத ஒரு பூச்சி அதைச் செய்யுமா என்பதுதான் எதிர்க்கேள்வி.

அதுக்கு மாட்டிக்கிற மாதிரி பக்கத்தில் நியூ கலிடோனியா. அங்கேயும் சபாட்டின்கா உண்டு, இனங்களும் நிறைய. அந்தத் தீவோ சுமார் 3.7 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான் கடலிலிருந்து மறுபடி மேலே வந்ததுன்னு நிலவியலாளர்கள் பலர் சொல்றாங்க. அப்போ அங்கே இருக்கிறவை எங்கிருந்தோ கடலைத் தாண்டித்தான் வந்திருக்கணும். ஒரு பக்கம் தாண்ட முடிஞ்சா இன்னொரு பக்கமும் முடியும்தானே. என் கட்சி இது: நியூசிலாந்து முழுசா முழுகலை, ஆனா சபாட்டின்காவை மட்டும் காட்டி அதை நிரூபிக்க முடியாது.

நியூ கலிடோனியாவில் இன்னொரு விசேஷம். சைகோகைனம் என்ற மரத்தின் பூவுக்கு சபாட்டின்கா கூட்டமா வந்து மகரந்தம் தின்னுட்டுப் போகும், போற போக்கில் மகரந்தச் சேர்க்கை நடக்கும். 1985-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு. எழுதினவங்களில் ஒருத்தர் நியூசிலாந்தின் ஜார்ஜ் கிப்ஸ். 2014-இல் நியூசிலாந்து மைக்ரோப்டெரிஜிடே முழுசையும் திருத்தி எழுதினவரும் அவர்தான். வெலிங்டன்வாசி அண்ணா, உங்க பூச்சிக்கு இனப்பெயர் வேணும்னா அந்தத் தொகுதிதான் கடைசித் தீர்ப்பு. இலவசமாவே இணையத்தில் கிடைக்கும்.

---

வெலிங்டன்வாசி எழுதியது:

கிப்ஸ் எண்டதும் எனக்கு ஒரு கதை ஞாபகம் வருது, இஞ்சை சொல்லாட்டி சரிவராது. ஜார்ஜ் கிப்ஸின்ரை தாயின்ரை தகப்பன் ஆர் எண்டு தெரியுமோ? ஜார்ஜ் ஹட்சன். 1867-இலை லண்டனிலை பிறந்து, சின்னப் பெடியனா நியூசிலாந்துக்கு வந்தவர். வெலிங்டன் தபால் கந்தோரிலைதான் வேலை. விட்டில் பைத்தியம். வேலை விட்டு வந்து வலையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டால் அதுக்குள்ளை இருட்டிப்போடும். என்ன செய்யலாம் எண்டு யோசிச்சு, 1895-இலை வெலிங்டன் தத்துவச் சங்கத்திலை ஒரு கட்டுரை வாசிச்சார்: கோடையிலை நாடு முழுக்கக் கடிகாரத்தை ரெண்டு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவம் எண்டு. சபையிலை சிரிச்சினமாம். 1927-இலை சட்டமாவே வந்துட்டுது, ரெண்டு மணித்தியாலம் இல்லை, ஒண்டு.

ஒவ்வொரு வருசமும் செப்ரெம்பரிலை கடிகாரத்தைத் தள்ளிவைச்சுப்போட்டு, பிள்ளையளை எழுப்பேலாமல் பல்லைக் கடிக்கிற எல்லாத் தாய் தகப்பனுக்கும் சொல்லுறன், காரணம் விட்டில்தான். ஹட்சனின்ரை பூச்சிச் சேகரம் இப்ப தெ பாப்பா அருங்காட்சியகத்திலை.

---

தேம்ஸ்கரை_மலர் எழுதியது:

லண்டனிலும் அதே பல்லைக் கடிப்புதான். இந்த யோசனையை முதலில் சொன்னவர்களில் ஒரு பூச்சிக்காரரும் இருந்தார் என்று இனி குழந்தைகளிடம் சொல்லலாம்!

---

சுடச்சுட_செய்தி எழுதியது:

இவ்வளவு அரிய உயிர் அழிவின் விளிம்பில் இருக்கிறது என்பதைச் சொல்ல மறந்துவிட்டீர்களே. நியூசிலாந்து அரசு காட்டில் ஹெலிகாப்டரில் 1080 விஷம் தூவி எல்லாப் பூச்சிகளையும் கொல்கிறது. யாரும் பேசுவதில்லை.

---

பெரணிக்காரி எழுதியது:

அந்த நாட்டில் 1080-ஐப் பற்றிப் பேசாத நாளே கிடையாது. சாலையோரப் பலகை முதல் நாடாளுமன்றம் வரை அதுதான். உலகிலேயே அதிகம் பயன்படுத்தும் நாடு நியூசிலாந்துதான் என்பதும் உண்மை. ஆனால் எதற்காக என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே இல்லாதிருந்த நாட்டில், மனிதர்களோடு எலி வந்தது, கீரி போன்ற ஸ்டோட் வந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து பாஸம் (possum) என்ற மரமேறும் விலங்கு வந்தது. பறக்காத பறவை, தரையில் திரியும் வெட்டா என்ற பெரிய வெட்டுக்கிளி போன்ற பூச்சி, நத்தை எல்லாம் அவற்றின் வாய்க்குப் போயின. 2050-க்குள் இந்த மூன்று வகையையும் நாட்டிலிருந்தே ஒழிப்பது என்று 2016-இல் அரசு இலக்கு வைத்தது. 1080 அதில் ஒரு கருவி. பூச்சிகளுக்கும் அது நஞ்சுதான், தின்றால் சாகும். ஆனால் அது தானிய உருண்டையில் கலந்து போடப்படும் இரை, காட்டின் மேல் தெளிக்கும் பூச்சிமருந்து அல்ல. லிவர்வொர்ட் மட்டும் மேயும் புழு எதற்காகத் தானிய உருண்டையைத் தேடிப்போக வேண்டும்?

என் கவலை வேறு இடத்தில். மனிதர் வரும் முன் அந்த நாட்டின் 80 சதவீதத்துக்கும் மேல் காடு. இன்று இயல்காடு கால் பங்கை ஒட்டித்தான். மிச்சமிருக்கும் துண்டுக் காட்டின் ஓரம் வெயிலிலும் காற்றிலும் காய்கிறது. மரம் நிற்கும், பெரணிகூட நிற்கும், ஒரு செல் கனத்து லிவர்வொர்ட் முதலில் போய்விடும். மான் மேய்ந்து அடிக்காட்டைத் திறந்துவிட்டாலும் இதே விளைவு. வேலி போட்டு மேய்ச்சலைத் தடுத்த துண்டுக் காடுகளில் தரைப்பாசி திரும்புவதைப் பார்த்தால், நான் காசு போட வேண்டிய இடம் அந்த வேலி என்பேன்.

---

ஜீவா_கோவை எழுதியது:

குளவிய விட்டுட்டீங்களே அக்கா. நெல்சன் பக்கத்து பீச் (beech) மரக் காட்டுல ஐரோப்பாவிலிருந்து வந்த வெஸ்புலா குளவி உலகத்துலயே அதிக நெருக்கத்துல இருக்காம். அங்க மரப்பட்டைல செதில்பூச்சி கசியவிடுற தேன்பனியக் குடிச்சு பெருகுது, புரதத்துக்குப் புழுவப் பிடிக்குது. குளவி உச்சத்துல இருக்கிற மாசங்கள்ல திறந்தவெளில விட்ட புழு தப்பிக்கிறதே அரிதுன்னு படிச்சிருக்கேன்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

1080 பற்றிய மற்ற பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். இங்கே சபாட்டின்காவோடு நிற்போம். அழிவு விளிம்பு என்ற பேச்சை எந்த இனம், எந்த நாட்டுப் பட்டியல் என்று குறிப்பிடாமல் இட வேண்டாம்.

---

செதில் எழுதியது:

வெலிங்டன்வாசி அண்ணா, இனம் வரை போறதுக்கு முன்னாடி ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கணும். அதே ஈரக்காட்டில், அதே ஓடைக்கரையில், ஏறக்குறைய அதே அளவில் மெனெசார்க்கேயா என்ற இன்னொரு குட்டி விட்டில் இருக்கு. அந்தக் குடும்பமே நியூசிலாந்தில் மட்டும்தான். அதுவும் பகலில் திரியும். அதன் புழு பாசிப் படலத்துக்குள்ளே பட்டு நூலால் சுரங்கம் கட்டி வாழும். புகைப்படத்தில் பலர் மாத்திப் போட்டுடுவாங்க. வித்தியாசம்: அதன் சிறகு குறுகலா, நுனி கூர்மையா இருக்கும். வாயில் ஒரு சின்ன உறிஞ்சுகுழல். உங்க காணொளியில் உணர்நீட்சி வித்தியை வழிச்சு வாய்க்குத் தள்ளுறது தெளிவாத் தெரியுது, அதனால் சந்தேகம் இல்லை. இருந்தாலும் பக்கவாட்டில் முகத்தை நெருங்கி ஒரு படம், சிறகின் மேல்பக்கம் முழுசா ஒரு படம் எடுங்க. சபாட்டின்காவில் சிறகுக் கோலம் இனம் பிரிக்க நல்லா உதவும்.

---

வெலிங்டன்வாசி எழுதியது:

நன்றி தம்பி. சனிக்கிழமை திரும்பப் போறன். புழுவையும் தேடிப் பாக்கலாமோ? ஒண்டு கிடைச்சால் கொஞ்சம் லிவர்வொர்ட்டோடை போத்திலிலை போட்டு வீட்டை கொண்டுவந்து வளத்துப் பாக்க ஆசை.

---

செதில் எழுதியது:

கொண்டுவர வேணாம் அண்ணா. நீங்க போற இடம் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் நிலமா இருந்தா, பூச்சியோ செடியோ எடுக்க அவங்க அனுமதிச் சீட்டு வேணும். நகரசபைக் காடா இருந்தா அவங்ககிட்டக் கேக்கணும். அனுமதி இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கு. கைலென்ஸும் தலைவிளக்கும் எடுத்துக்கிட்டு, ஈரப்பாறையிலும் மரத்தடியிலும் லிவர்வொர்ட் மெத்தையைப் பிய்க்காமல் மேலோட்டமாப் பாருங்க. இலை ஓரத்தில் கடிச்ச தடயம் முதலில் கண்ணில் படும், புழு அதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நிறம் செடியோட கலந்துடும், பொறுமை வேணும். படம் எடுக்கிறப்போ புழுவை மட்டும் எடுக்காம, அது இருந்த செடியையும் சேர்த்து எடுங்க. எதைத் தின்னுதுன்னு தெரியாத புழுப் படத்துக்குப் பாதி மதிப்புதான்.

---

பெரணிக்காரி எழுதியது:

செடிப் படத்துக்கு ஒரு குறிப்பு. மேலே இருந்து எடுத்த படத்தை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாமே பச்சைச் சடை மாதிரிதான் தெரியும். ஒரு கிளை நுனியை விரலால் மெதுவாகத் திருப்பி அடிப்பக்கத்தையும் எடுங்கள். தண்டின் அடியில் மூன்றாவது வரிசையாகக் குட்டி அடியிலைகள் இருக்கின்றனவா, இருந்தால் நுனி பிளந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் ஹெட்டரோசைஃபஸா பிளாஜியோகைலாவா என்று லிவர்வொர்ட்டின் பேரினத்தைப் பிரிப்போம். விரல் நகம் ஒன்றும் படத்தில் விழட்டும், அளவு தெரியும். அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.